காற்று அடங்கிய நாள்

புந்தா அரேனாஸ்
செப்டம்பர் 12, 1994

தம்பி எலிசேயோவுக்கு,

பத்து மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நீ முதலில் எழுதட்டும் என்றுதான் நேற்றுவரை இருந்தேன். இன்று காலை ஆய்வுக்கூடத்து மொட்டைமாடியில் கருவியின் கண்ணாடியைத் துடைத்து, அளவு எடுத்துவிட்டுக் கீழே வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். இது வீம்பு பார்க்கிற நேரம் இல்லை.

எண் இறங்குகிறது. நம் தலைக்கு மேலே இருக்கும் ஓசோன் இந்த மாதத்தில் முன்னூறைத் தாண்டி இருக்க வேண்டும். வியாழனன்று இருநூற்று அறுபது. இன்று இருநூற்று முப்பத்தாறு. போன வருடம் இந்த அளவுக்கு வர அக்டோபர் ஆயிற்று.

பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை குழந்தை மைத்தேயை வெளியே விடாதே. விட்டால் தொப்பி, நீளக்கைச் சட்டை. ஹிமெனாவிடம் நீயே சொல்வதாகச் சொல். நான் சொன்னேன் என்றால் உன் மனைவி கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவாள். அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

எட்டு வருடமாக இந்த எண்களை எழுதி வருகிறேன். இந்த வருடம்தான், எழுதியதும் நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விடுகிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

எதெல்மிரா


எல் ரெபாரோ பண்ணை
தியெர்ரா தெல் ஃபுவேகோ
செப்டம்பர் 23

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. ஹிமெனாவிடம் காட்டவும் இல்லை.

நீ பயப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எங்களுக்கும் ஒரு பங்கு படகில் ஏற்றி அனுப்பாதே. போன வருடம் அனுப்பியதே இன்னும் தீரவில்லை.

போன நவம்பரில் என்ன நடந்தது என்று நீ யார் யார் வாயிலோ கேட்டிருப்பாய். என் வாயால் கேள். ஆடுகளின் கண் பால் ஊற்றின மாதிரி வெளுத்தது. வேலியில் போய் முட்டிக்கொண்டன. அந்த வாரம்தான் உன் கடிதமும், வெயிலில் ஆடுகளுக்குக் கண் போகிறது என்று எழுதின பத்திரிகையும் ஒரே படகில் வந்தன. இரண்டையும் படித்தேன். இனி இதுகளுக்குப் பார்வை வராது, பசியில் அலைந்து சாவதைவிட நாமே முடித்துவிடலாம் என்று முப்பத்தோரு ஆட்டை என் கையால் அறுத்தேன். மூன்றாம் நாள் போர்வெனீரிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். ஒரு தலையைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார்.

"ஏம்பா, இது கண்ணுல வர்ற தொத்து. களிம்பு போட்டா ரெண்டு வாரத்துல சரியாயிடுமே. இந்தக் கண்ணு வந்த மிச்ச ஆடுங்க எங்க?"

"மிச்சம் இல்லைங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பண்ணை மேலாளர் தோன் பாஸ்குவால் இன்றுவரை என்னைப் பார்த்தால், "என்ன எலிசேயோ, அக்காகிட்ட இருந்து ஏதாவது சேதி உண்டா? கத்தியைத் தீட்டி வைக்கட்டுமா?" என்கிறார். கூட நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆடு போகட்டும். ஆறு வயதுப் பெண் காலையில் எழுந்ததும் என்ன கேட்கிறாள் தெரியுமா? "அப்பா, இன்னைக்கு நல்ல வெயிலா, கெட்ட வெயிலா?" போன கோடை முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தாள். சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாள். கம்பளித் தொப்பியைப் படுக்கையிலும் கழற்றுவதில்லை. வருடத்தில் பாதி நாள் காற்றும் மழையும் ஆளை வெளியே விடாத இந்த இடத்தில், சூரியன் வந்தால் என் மகள் மேசைக்கு அடியில் போய் உட்காருகிறாள். இதற்கு என்ன களிம்பு போடுவது?

இனி எனக்கு எண் எதுவும் எழுதாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஒளி அப்படி என்னதான் செய்கிறது? நான் தெரிந்துகொள்ள இல்லை. அவள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எலிசேயோ


புந்தா அரேனாஸ்
அக்டோபர் 2

தம்பி,

முப்பத்தொன்று என்று எனக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு என்றுதான் சொன்னார்கள். ஆடுகளைப் பற்றி நான் எழுதவில்லை, பத்திரிகைதான் எழுதியது என்று பதில் எழுதி, கிழித்துப் போட்டேன். என் கடிதம் இல்லாவிட்டால் நீ பத்திரிகையை நம்பியிருக்க மாட்டாய். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

மைத்தேக்கு இப்படிச் சொல். பழைய குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் ஒரு வாயு இருந்தது. அது லேசில் உடையாது. மழையில் கரையாது, மண் அதைத் தின்னாது. வருடக்கணக்கில் மிதந்து மேலே போய்க்கொண்டே இருக்கும். பறவையும் மேகமும் எட்டாத உயரத்தில் ஒரு கடுமையான ஒளி இருக்கிறது. நம் வரை அது வருவதில்லை. அது பட்டதும் அந்த வாயுவின் மூலக்கூறு உடைந்து, குளோரின் தனியாகக் கழன்றுகொள்ளும்.

துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டு. அந்தக் குளிரில் மேலே உறைந்த மேகங்கள் உண்டாகும். அங்கே குளோரின் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். இருட்டு இருக்கும்வரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. வசந்தத்தில் சூரியன் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே போதும், அந்த வெளிறிய ஒளியிலேயே ஜோடி பிரிந்துவிடும். பிரிந்தது ஒவ்வொன்றும் ஓசோனைத் தின்னத் தொடங்கும். ஒன்றைத் தின்றுவிட்டு நிற்காது, ஆயிரக்கணக்கில் தின்னும்.

ஓசோனும் ஒளியால் உடைகிற பொருள்தான். உடையும், திரும்பச் சேரும், மறுபடி உடையும். அப்படி உடையும்போதுதான் கெட்ட ஒளியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. அது குறைந்துபோனால், வந்த ஒளி கீழே இறங்கி நம் தோலுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் இருப்பதை உடைக்கும். இந்தக் கடைசி வரியை அவளிடம் படிக்காதே.

இதைப் படி: ஓசோன் குறைந்த அந்த ஓட்டை ஒரே இடத்தில் நிற்பதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது நம்மை விட்டு நகர்ந்துவிட்டது. ஐந்து நாளாக எண் நன்றாக ஏறியிருக்கிறது. எண் எழுதாதே என்றாய், அதனால் எழுதவில்லை. இது நல்ல வெயில் என்று அத்தை சொன்னாள் என்று சொல். தொப்பியோடு விளையாடட்டும்.

எதெல்மிரா


எல் ரெபாரோ
அக்டோபர் 13

அக்காவுக்கு,

சாப்பாட்டு மேசையில் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். ஹிமெனா முதலில் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். ஜோடி பிரிகிற இடம் வந்ததும் கரண்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப ஓசோனுக்கு வலிக்காதா?" என்றாள் மைத்தே.

"அது உடைஞ்சு உடைஞ்சு ஒட்டிக்குமாம். அத்தை எழுதியிருக்கா."

"தினமும் உடையுதா?"

"தினமும்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமையும்தான்."

"அத்தைக்கு மேல ஏறிப் பாக்க பயமா இல்லையா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான்.

மறுநாள் வாசல்வரை வந்தாள். அதற்கடுத்த நாள் நாயோடு தொழுவம்வரை போய் வந்தாள். நேற்று என்னோடு குதிரையில் இரண்டு மணி நேரம். திரும்பி வந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஹிமெனா என்னைப் பார்த்தாள். உனக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன், சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

குட்டி போடும் காலம். சினை ஆடுகளைக் கடலோர மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டும். போகிற வழியில் ஒரு குடிசை இருக்கிறது, முந்தின நாளே போய்த் தங்கிவிட்டு, மறுநாள் முழுக்க வெட்டவெளியில் நடக்க வேண்டும். தரையில் இன்னும் பனி கிடக்கிறது. காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கிறேன். அடுத்த வார நடுவில் அடங்கும் என்கிறார்கள். இந்த முறை ஹிமெனாவையும் மைத்தேயையும் கூட்டிப்போகப் போகிறேன். குட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். வெளியே போகலாமா என்று ஒரு வருடம் கழித்து அவளாகக் கேட்டிருக்கிறாள், அக்கா.

எலிசேயோ


புந்தா அரேனாஸ்
அக்டோபர் 18

எலிசேயோ,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. இந்தக் கடிதம் நாளை மறுநாள் படகில்தான் ஏறும், உனக்குப் பயன்படாது. தெரிந்தேதான் எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இன்று நண்பகலில் எண் நூற்று அறுபத்தெட்டு. கண்ணாடியை மறுபடி துடைத்து எடுத்தேன். நூற்று அறுபத்தேழு. இவ்வளவு கீழே நான் பார்த்ததில்லை. நாளை மேகம் இல்லை, காற்றும் இல்லை என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் அப்படி ஒரு நாள் வந்தால் யார் வீட்டுக்குள் இருப்பார்கள்?

ஆய்வுக்கூடத் தலைவர் தோன் அன்செல்மோவிடம் போனேன்.

"சரிபார்க்காம ஒரு எண்ணும் வெளியே போகக்கூடாது, எதெல்மிரா. போன வருஷம் பட்டது போதும்."

"வடக்கே சரிபார்க்க அனுப்பி பதில் வர பத்து நாளாகும், தோன் அன்செல்மோ. வெயில் நாளைக்கு."

"கருவி தப்பா இருந்தா?"

"ரெண்டு தடவை எடுத்தேன்."

"ரெண்டு தடவையும் அதே கருவிதானே. ஜனங்களைப் பயமுறுத்தி என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

உன் முப்பத்தோரு ஆடுகள்தான் நினைவுக்கு வந்தன. அவர் கெட்டவர் இல்லை. அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார், ஆனால் வேறு எதற்கோ.

வானொலி நிலையத்துக்கு நடந்தேன். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினேன். தொலைபேசி இல்லாத பண்ணைகளுக்குத் தனிச்செய்தி வாசிக்கிறார்களே, அந்தக் கவுண்டரில் இருந்த பெண் சீட்டை வாங்கி வார்த்தைகளை எண்ணினாள்.

"இந்த நூத்தி அறுபத்தெட்டு என்ன, லாட்டரி நம்பரா?"

"ஓசோன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "இது உங்க தம்பிக்கு மட்டுந்தானா? வாசிச்சா தீவு முழுக்கக் கேக்கும், தெரியும்ல?"

"தெரியும்."

"பேர் போடவா, வெறும் அக்கான்னு போதுமா?"

பேர் போட்டால் நாளையே தோன் அன்செல்மோவுக்குத் தெரியும். போடாவிட்டால் யார் நம்புவார்கள்? அவள் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"பேர் போடுங்க. ஆய்வுக்கூடம்னும் போடுங்க," என்றேன்.

மாலை ஆறு மணிக்கு வாசித்தார்கள். "எல் ரெபாரோ பண்ணை, எலிசேயோ ஓயார்சோவுக்கு. நாளை பத்து மணி முதல் நான்கு மணிவரை குழந்தையை வெயிலில் விடாதே. நீங்களும் போகாதீர்கள். ஓசோன் நூற்று அறுபத்தெட்டு. அக்கா எதெல்மிரா ஓயார்சோ, ஆய்வுக்கூடம்." காலை ஏழு மணிக்கும், 'நாளை' என்பதை 'இன்று' என்று மாற்றி, ஒருமுறை வாசிப்பார்கள்.

நீ கேட்டாயா என்று தெரிய வழியில்லை. நல்ல வெயில் என்று அவளுக்கு எழுதி அனுப்பியவள் நான். தொப்பியை ஆணியில் மாட்டினாள் என்று நீ எழுதிய வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எதெல்மிரா


எல் ரெபாரோ
அக்டோபர் 22

அக்காவுக்கு,

மைத்தே நன்றாக இருக்கிறாள். முதலில் இதைப் படித்துவிட்டு மற்றதைப் படி.

நாங்கள் உன் செய்தியைக் கேட்கவில்லை. பதினெட்டாம் தேதி காலையிலேயே கிளம்பிவிட்டோம். குடிசையில் வானொலி கிடையாது. மறுநாள் அப்படி ஒரு காலையை நான் இந்தத் தீவில் பார்த்ததில்லை. புல் அசையவில்லை. ஆடுகளின் மூச்சுச் சத்தம் கேட்டது. பனியில் கண் கூசியது. மைத்தே சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

பத்தரை மணி இருக்கும், பின்னாலிருந்து ஒரு குதிரை விரட்டி வந்தது. கார்கமோ. உனக்கு அவரைத் தெரியாது. பக்கத்து மேய்ச்சல் பிரிவில் இருப்பவர், அறுபதை நெருங்குகிற ஆள். ஆடுகளை அறுத்ததற்காக என்னை அதிகம் கேலி செய்தவரும் அவர்தான். தொப்பி எங்கோ பறந்துபோயிருந்தது. மூன்று மணி நேரம் நிற்காமல் வந்திருக்கிறார்.

"குழந்தையை மூடு," என்றார். "உங்க அக்கா காலையில ரேடியோல சொல்லிட்டாங்க. பத்துல இருந்து நாலு வரைக்கும்."

"எந்த அக்கா? என்ன சொன்னா?"

"உனக்கு எத்தனை அக்கா இருக்காங்க? பேரு, வேலை செய்ற இடம் எல்லாம் சொல்லித்தான் வாசிச்சாங்க. பேரைக் குடுத்து ஒரு பொம்பளை சொன்னா, அதுல விஷயம் இருக்கும்."

குடிசைக்குத் திரும்ப இரண்டரை மணி நேரம். ஒரு மரம் கிடையாது, ஒரு பாறை கிடையாது. ஹிமெனா மைத்தேயைத் தன் மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டாள். கடற்கரையில் பழைய மீன்படகு ஒன்று கவிழ்ந்து கிடப்பது கார்கமோவுக்கு ஞாபகம் வந்தது. அரை மணி ஓட்டம். ஆடுகளை அப்படியே விட்டோம். மூன்று பேரும் படகுக்கு அடியில் ஊர்ந்து போனோம்.

"நீங்களும் வாங்க," என்றேன்.

"அடுத்த குடாவுல ரெண்டு பசங்க வேலியடிச்சிட்டு இருக்கானுங்க. அவனுங்ககிட்டயும் ரேடியோ இல்ல."

என் தொப்பியைக் கொடுத்தேன். அவர் தலைக்குப் பொருந்தவில்லை, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் படகுக்கு அடியில் ஐந்து மணி நேரம் இருந்தோம், அக்கா. பலகைகளுக்கு நடுவே இடுக்குகள். ஒவ்வொரு இடுக்கிலும் வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. சூரியன் நகர நகரக் கோடுகளும் நகர்ந்தன. ஒன்று மைத்தேயின் காலை நோக்கி வரும், நாங்கள் ஒதுங்குவோம். அடுத்தது ஹிமெனாவின் கையை நோக்கி வரும், மறுபடி ஒதுங்குவோம். சேணக் கம்பளியால் சிலதை அடைத்தேன், எல்லாவற்றுக்கும் போதவில்லை. மைத்தே அழவில்லை. ஒவ்வொரு கோட்டையும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு, "அம்மா, உன் தோள்ல," "அப்பா, கழுத்துல," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பட்டாளத்தில் இருந்தவன். இப்படிப் பயந்ததில்லை.

மைத்தேயின் முன்கை சிவந்து தோல் உரிகிறது. வேறொன்றும் இல்லை. ஆறு குட்டிகள் போயின.

பாடுபட்டது கார்கமோதான். அன்று மாலை அந்தப் பையன்கள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முகம் முழுக்கக் கொப்புளம், உதடு வீங்கிப் பேச முடியவில்லை. மறுநாள் கண் திறக்கவில்லை, மணலைக் கொட்டின மாதிரி இருக்கிறது என்றார். எங்கள் வீட்டிலேயே இருட்டறையில் படுக்க வைத்திருக்கிறோம். ஹிமெனா குளிர்ந்த தேநீரில் துணியை நனைத்துப் போடுகிறாள். வெளுத்த கண்களோடு வேலியில் முட்டின ஆடுகள் என் நினைவைவிட்டுப் போகவில்லை. அவர் இமையைத் தூக்கிப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

இன்று காலை அவராகக் கண்ணைத் திறந்தார். "ஹிமெனா, உன் புருஷன் இவ்ளோ அசிங்கமாவா இருந்தான்?" என்றார். நான் வெளியே போய் விறகுக் கொட்டகையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தோன் பாஸ்குவால் கொதித்துப்போய் இருக்கிறார். அன்று தீவில் பாதிப் பேர் வேலைக்குப் போகவில்லையாம். "உங்க அக்கா யாரு, கவர்னரா?" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

உன்னை என்ன செய்தார்கள்?

எலிசேயோ


புந்தா அரேனாஸ்
அக்டோபர் 31

தம்பி,

முதல் வரியை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மற்றதை மறுநாள்தான் படித்தேன்.

என்னை மாடிக்கு ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி காலையிலேயே சாவியை வாங்கிக்கொண்டார்கள். கீழே பழைய நோட்டுகளைப் படியெடுக்கிறேன். இருபத்தொன்பதாம் தேதி வடக்கிலிருந்து பதில் வந்தது. தோன் அன்செல்மோ தாளை என் மேசைமேல் வைத்தார்.

"நூத்தி எழுபது. ரெண்டுதான் வித்தியாசம்."

"அப்ப சாவி?"

"எண் சரியா இருந்ததுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது, எதெல்மிரா. நாளைக்கு எண் தப்பா இருக்கிறவன் ஒருத்தனும் ரேடியோவுக்குப் போவான்."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க நினைக்கிறேன். முழுதாக முடியவில்லை. ஆனால் அன்று நான் போகாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் அந்தப் படகின் இடுக்குகள்தான் தெரிகின்றன.

வானொலிக் கவுண்டர்ப் பெண்ணைச் சந்தையில் பார்த்தேன். எண் எனக்குத் தெரியாமல் போனபிறகும் செய்திகள் நிற்கவில்லை என்றாள். காற்று அடங்கும் என்று வானிலையில் சொன்னாலே அம்மாக்களும் மனைவிகளும் வரிசையில் வந்து நிற்கிறார்களாம். நேற்று மட்டும் பத்தொன்பது சீட்டு. எல்லாவற்றிலும் ஒரே செய்தி, கூரைக்குள் இரு. எல்லோரும் பேர் போடுகிறார்களாம்.

பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமைப் படகில் வருகிறேன். கார்கமோவைப் பார்க்க வேண்டும். பார்க்கப் பயமாகவும் இருக்கிறது. என் இருபது வார்த்தைக்கு அவர் முகத்தைக் கொடுத்திருக்கிறார், அவரிடம் நான் என்ன பேசுவேன்? ஹிமெனாவிடம் கேள், நான் வரலாமா என்று.

எதெல்மிரா


எல் ரெபாரோ
நவம்பர் 6

அக்காவுக்கு,

ஹிமெனா, "இதையெல்லாமா கேட்டு எழுதுவாங்க, வரச் சொல்லுங்க," என்கிறாள். மருத்துவப் புத்தகம் ஏதாவது இருந்தால் எடுத்துவர வேண்டுமாம்.

கார்கமோவின் முகத்தில் பழைய தோல் உரிந்து புதுத் தோல் வந்திருக்கிறது, குழந்தைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக. வெயில் படக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் அடைந்து கிடக்க அவரால் முடியாது. நேற்று முன்தினம் ஒரு மாவுச் சாக்கை எடுத்துக் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, அதில் வெல்டிங் செய்பவர்களின் கறுப்புக் கண்ணாடியை வைத்துத் தைத்து, தலையில் மாட்டிக்கொண்டு குதிரையில் வந்துவிட்டார். நெற்றியில் மாவு மில்லின் பேர், எடை ஐம்பது கிலோ. நாய் பயந்து கொட்டகைக்குள் ஓடியது. மைத்தே வீறிட்டுக் கத்தினாள்.

"நான்தான்டி," என்றார் சாக்குக்குள்ளிருந்து.

"சாக்கை எடுத்துட்டுச் சொல்லுங்க."

எடுத்தார். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். "போட்டுக்கோங்க," என்றாள்.

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உதடு வெடித்து ரத்தம் வந்தது.

மறுநாள் வேலிக்காரப் பையன்கள் இருவரும் சாக்கோடு வந்தார்கள். தோன் பாஸ்குவால் தலையில் அடித்துக்கொண்டார். பண்ணையைப் பார்த்தால் பேய்கள் ஆடு மேய்ப்பது போல இருக்கிறது. காற்று அடங்கிய நாட்களில் நான் இன்னும் காலையில் எழுந்ததும் வாசலில் நின்று வானத்தை வெறிக்கிறேன். நீலம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு பயமாக இருக்கிறது. இது போகும் என்று தோன்றவில்லை. ஆனால் ஆடுகளுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும், நின்றுகொண்டே இருக்க முடியாது.

மைத்தே தனக்கும் ஒன்று கேட்டாள். ஹிமெனா தைத்துக்கொண்டிருக்கிறாள், எனக்கும் தனக்கும் சேர்த்து. உன் தலையளவு தெரியாததால் உனக்குப் பெரியதாக ஒன்று வெட்டியிருக்கிறாள். பதின்மூன்றாம் தேதி துறைமுகத்தில் இறங்கும்போது பயந்துவிடாதே. நான்கு மாவுச் சாக்குகள் உன்னைப் பார்த்துக் கையசைக்கும். குட்டையானது உன்னை நோக்கி ஓடிவரும்.

எலிசேயோ